டயாலிசிஸில் இருக்கும் அப்பாவுக்கு பைபாஸ் சொல்லியிருக்கிறார்கள். பட்டவர்கள் சொல்லுங்கள்

மூத்தமகள்:

வணக்கம். அப்பாவுக்கு 62 வயது. நாலரை வருடமாக வாரம் மூன்று முறை டயாலிசிஸ். சர்க்கரை அதற்கு முன்னாலிருந்தே உண்டு. இடது கையில் முழங்கைக்கு மேலே ஃபிஸ்டுலா, டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்தது. இதுவரை அது ஒரு நாளும் மக்கர் பண்ணியதில்லை.

இரண்டு மாதமாக டயாலிசிஸ் தொடங்கி மூன்றாவது மணி நேரத்தில் நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கிறது என்கிறார். பிபி இறங்கும். காலை உயர்த்தி வைப்பார்கள், கொஞ்சம் சலைன் விடுவார்கள், சரியாகிவிடும். வாயு என்று அவரே முடிவு செய்துகொண்டார், நாங்களும் நம்பினோம். போன வாரம் மெஷினில் இருக்கும்போதே வியர்த்துக் கொட்டி ஈசிஜி மாறியது. ஆஞ்சியோகிராம் எடுத்தார்கள். இடது பிரதான குழாயிலேயே அடைப்பு, அதற்குக் கீழே மூன்று குழாய்களிலும் அடைப்பு. இதயம் பம்ப் செய்யும் திறன் 42 சதவீதம்.

இதய அறுவை மருத்துவர் "ரிஸ்க் அதிகம்தான், ஆனால் பைபாஸ்தான் சரி" என்றார். சிறுநீரக மருத்துவரிடம் போனால் "அவர்கள் சரி என்றால் எனக்கும் சரி" என்றார். இந்த இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசினார்களா என்றே எனக்குத் தெரியவில்லை. நான்தான் ஃபைலைத் தூக்கிக்கொண்டு இங்கும் அங்கும் நடக்கிறேன்.

சம்மதப் படிவத்தில் ரத்தக் கசிவு, பக்கவாதம், கிருமித்தொற்று, மரணம் என்று வரிசையாகப் போட்டிருக்கிறது. அது எல்லோருக்கும் கொடுக்கும் படிவம். டயாலிசிஸ் ஆளுக்கு என்று தனியாக என்னவெல்லாம் வரும்? ஃபிஸ்டுலா தாங்குமா? ஆபரேஷன் முடிந்து எப்போது மறுபடி டயாலிசிஸ் செய்வார்கள்? ஸ்டென்ட் வைத்தால் போதாதா? பயமுறுத்தினாலும் பரவாயில்லை, உள்ளதைச் சொல்லுங்கள்.


ஜன்னலோரம்:

தங்கையே, எனக்கு 59. டயாலிசிஸ் ஏழாவது வருடம் நடக்கிறது. பைபாஸ் முடிந்து மூன்று வருடம் இரண்டு மாதம். கணக்கு எழுதிப் பிழைத்தவன், அதனால் டயாலிசிஸ் ஆரம்பித்த நாளிலிருந்து எடை, பிபி, எடுத்த நீர் எல்லாம் நோட்டில் குறித்துவைத்திருக்கிறேன். இப்போது ஐந்தாவது நோட்டு. மூன்றாவது நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன், ஞாபகத்தை நம்பி அல்ல.

எல்லோரும் ஆபரேஷன் நாளைப் பற்றியே கேட்பார்கள். அந்த நாள் எனக்கு நினைவே இல்லை. காலையில் தள்ளிக்கொண்டு போனார்கள், கண் விழித்தால் மறுநாள். நான் பட்டதெல்லாம் அதற்கப்புறம் வந்த பத்துப் பன்னிரண்டு டயாலிசிஸில்தான். உங்கள் அப்பாவுக்கும் அந்த ஒரு மாதத்துக்குத்தான் நீங்கள் அதிகம் தயாராக வேண்டும்.

ஐசியுவில் விழித்ததும் வாயில் குழாய். பேச முடியாது. குழாயைப் பிடுங்கிவிடக் கூடாது என்று இரண்டு கையையும் துணியால் கட்டிலோடு லேசாகக் கட்டியிருந்தார்கள். நெஞ்சு வலித்ததா என்று கேட்டால், அது இரண்டாவது. முதலில் எனக்கு வந்த நினைப்பு ஃபிஸ்டுலா ஓடுகிறதா என்பதுதான். நம் ஆட்களுக்கு அது பழக்கம், தூங்கி எழுந்ததும் கை தானாக அங்கே போகும். இடது கை போகவில்லை, கட்டு. நான் கையைக் கையை இழுப்பதைப் பார்த்து நர்ஸ் பெண் முதலில் அதட்டினாள். பிறகு நான் கண்ணால் வலது கையைக் காட்டியதும் அவளுக்குப் புரிந்தது. கட்டை அவிழ்த்து என் விரலை எடுத்து ஃபிஸ்டுலா மேல் வைத்தாள். பக்கத்து அறையில் தையல் மெஷின் ஓடுகிற மாதிரி அந்த அதிர்வு இருந்தது. அப்புறம்தான் நெஞ்சு வலித்தது.

ஆபரேஷனுக்கு முந்தைய இரவு என் மனைவி அந்தக் கையில் பேனாவால் பெரிதாக எழுதியிருந்தாள்: "ஊசி வேண்டாம், பிபி வேண்டாம்." மருத்துவமனைக்காரர்கள் சிரித்தார்கள். ஆனால் ஐசியுவில் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாறும். டயாலிசிஸ் பிரிவில் எல்லோருக்கும் அந்தக் கை யாருடையது என்று தெரியும், அங்கே யாருக்கும் தெரியாது. இரண்டாம் நாள் இரவு ஒருவர் பிபி பட்டையை எடுத்துக்கொண்டு வலது பக்கம் வந்தார், எழுத்தைப் படித்துவிட்டு சுற்றிக்கொண்டு இடது பக்கம் போனார். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

முதல் டயாலிசிஸ் மறுநாள் மாலை, கட்டிலிலேயே. நாம் செய்கிற நாலு மணி நேர வேகம் இல்லை, எட்டு மணி நேரத்துக்கு மெதுவாக ஓட்டுவது. நெஞ்சுக்குள் தையல் பச்சையாக இருப்பதால் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் போடவில்லை. ஐந்தாவது மணி நேரத்தில் ஃபில்டர் உறைந்துபோனது, அதிலிருந்த ரத்தமும் போயிற்று. புதிது மாட்டினார்கள். என் நோட்டில் அந்த நாளுக்கு "2 ஃபில்டர், 1.9 லிட்டர், பிபி 88" என்று என் மகன் கையெழுத்தில் இருக்கிறது.

மூன்றாம் நாள் இரவு இதயம் தாளம் தப்பியது. துடிப்பு 140க்குப் போனது, அதுவும் ஒழுங்கில்லாமல். உள்ளே மீன் துள்ளுகிற மாதிரி இருந்தது. மருந்து ஏற்றி மறுநாள் மதியம் சரியானது. பைபாஸ் ஆன சாதாரண ஆட்களுக்கே இது நிறைய வருமாம், நம் ஆட்களுக்கு இன்னும் கூடுதலாக வரும் என்றார்கள். எனக்கு அது பெரிய விஷயமாக முடியவில்லை. ஆனால் அந்த நேரத்தில் பக்கத்தில் யாராவது கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம் வந்ததுதான் என் மனைவி இன்றைக்கும் கோபப்படுகிற விஷயம். வார்டுக்கு மாற்றிய பிறகு நான் தூங்கிக்கொண்டே இருந்தேன். எழுப்பினால் உளறல். கையில் ஸ்பூன் பிடித்தால் திடீரென்று வெட்டி இழுத்து ஸ்பூன் பறக்கும். பக்கவாதமோ என்று தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை. சிறுநீரக மருத்துவர் வந்து மருந்துச் சீட்டைப் பார்த்தார். வலிக்கும் எரிச்சலுக்கும் கபாபென்டின் ஒரு நாளைக்கு மூன்று வேளை எழுதியிருந்தார்கள். அது சிறுநீரில் வெளியேற வேண்டிய மருந்து. எனக்கு ஏது சிறுநீர்? டயாலிசிஸ் முடிந்த பிறகு ஒரு சின்ன அளவு, அவ்வளவுதான் நமக்கு. நிறுத்திவிட்டு இரண்டு டயாலிசிஸ் செய்ததும் மண்டை தெளிந்தது. யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் வார்டில் எழுதப்படும் ஒவ்வொரு புது மருந்துக்கும் "இவர் டயாலிசிஸ் ஆள், அளவு சரிதானா?" என்று கேளுங்கள். அலுத்துக்கொள்வார்கள். கேளுங்கள். தூக்கத்துக்கு, வலிக்கு, அசிடிட்டிக்கு என்று சும்மா எழுதுகிற மருந்துகள்தான் மாட்டிவிடும்.

கடைசியாக எடைக் கணக்கு. இதை நான் கோட்டைவிட்டேன், கணக்கு எழுதுகிறவனாக இருந்தும்.

ஆபரேஷனுக்கு முன் என் டிரை வெயிட், அதாவது டயாலிசிஸ் முடிந்ததும் இருக்க வேண்டிய எடை, 64.5. ஆபரேஷன் ஆன இரண்டாம் நாள் கட்டில் எடை 70.1. ஆபரேஷனில் இதயத்துக்குப் பதிலாக ஓடிய பம்பு, சலைன், ரத்தம் என்று உள்ளே போன நீர். அதை எடுக்க ஒரு வாரம் ஆனது. பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு வந்தபோது 65. பழைய சென்டருக்குப் போனேன், சார்ட்டில் பழையபடி 64.5 என்றே இருந்தது, அதற்கே இறக்கினார்கள். கால் வீக்கம் இல்லை. எல்லோருக்கும் சந்தோஷம். மூன்றாவது வாரம் இரவில் படுத்தால் மூச்சு முட்டியது. ஒரு தலையணை இரண்டானது, இரண்டு மூன்றானது, அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கினேன். நெஞ்சு எலும்பு வலி என்று நினைத்தேன்.

ஒரு நாள் பேன்ட் போடும்போது பெல்ட் இரண்டு துளை உள்ளே போயிருப்பதைக் கவனித்தேன். எடை அதே 64.5. அப்போதுதான் உறைத்தது. சரியாகச் சாப்பிடாமல், நடக்காமல் மூன்று வாரத்தில் சதை கரைந்திருக்கிறது. ஆனால் எடை குறையவில்லை. அப்படியானால் மீதி என்ன? தண்ணீர். எக்ஸ்ரே எடுத்தால் நுரையீரலில் நீர். ஒரே நாளில் எடுக்காமல் ஏழு டயாலிசிஸில் அரை கிலோ அரை கிலோவாக இறக்கி 60.8க்குக் கொண்டுவந்தார்கள். அன்றிரவு ஒரே தலையணையில் தூங்கினேன். நோட்டில் அந்தத் தேதிக்குப் பக்கத்தில் ஒரு சுழி போட்டிருக்கிறேன், வேறெதுவும் எழுதவில்லை.

ஃபிஸ்டுலா எந்தப் பக்கம் என்று அறுவை மருத்துவருக்குத் தெரியுமா? இதை மட்டும் உடனே கேளுங்கள். எனக்கு வலது கை, அதனால் பிரச்சினை வரவில்லை. உங்கள் அப்பாவுக்கு இடது கை என்கிறீர்கள். ஏன் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள்.


ஆறாம்மெஷின்:

நான் டயாலிசிஸ் டெக்னீஷியன், பதினாறு வருடமாக. ஜன்னலோரம் ஐயா சொன்ன டிரை வெயிட் விஷயத்தை அச்சடித்து எல்லா சென்டரிலும் ஒட்டலாம். பைபாஸ் முடிந்து திரும்பி வருகிறவர்களிடம் நாங்கள் முதலில் பார்ப்பது கன்னமும் தோளும்தான். அங்கே சதை போயிருந்தால் பழைய நம்பரை நம்ப மாட்டேன்.

என் பக்கத்திலிருந்து சில விஷயம்.

ஃபிஸ்டுலா தாங்குமா என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் தாங்கும். அது அடைத்துக்கொள்வது இரண்டு காரணத்தால். ஒன்று, ஆபரேஷனின்போதோ பிறகோ பிபி ரொம்ப நேரம் கீழேயே கிடப்பது. இன்னொன்று, கையை உடம்போடு இறுக்கி வைத்துவிடுவது. ஆபரேஷன் மேஜையில் இரண்டு கையையும் துணியால் சுற்றி உடம்போடு சேர்த்து வைப்பது வழக்கம். அந்தக் கைக்குப் பஞ்சு வைத்துத் தளர்வாக வையுங்கள் என்று முன்கூட்டியே சொன்னால் செய்வார்கள். ஐசியுவில் ஒவ்வொரு ஷிப்ட்டிலும் ஒருவர் தொட்டுப் பார்த்து அதிர்வு இருக்கிறதென்று எழுத வேண்டும். நின்றுபோனால் அன்றே தெரிந்தால் காப்பாற்ற வழி உண்டு, நாலு நாள் கழித்துத் தெரிந்தால் கஷ்டம். நின்றுவிட்டால் கழுத்தில் டயாலிசிஸுக்கான குழாய், அதாவது கதீட்டர் போட வேண்டிவரும். புதிதாகப் பிளந்த நெஞ்சுக்குப் பக்கத்தில் கதீட்டர் என்பது கிருமிக்கு வாசல் திறந்துவைப்பது.

ஆபரேஷனுக்கு முதல் நாள் டயாலிசிஸ் இருக்கும். அன்றைக்கு ஆர்வக்கோளாறில் அதிகமாக நீர் எடுத்து ஆளை வறட்டிவிடக் கூடாது. வறண்டுபோய் மயக்கமருந்துக்குப் போனால் பிபி பாதாளத்துக்குப் போகும்.

வீட்டுக்கு வந்தபிறகு நீர் எடுக்கும் வேகம் முக்கியம். ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 13 மில்லிக்கு மேல் போகாமல் பார்ப்போம். 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 780 மில்லி, நாலு மணி நேரத்துக்கு மூன்று லிட்டரைக் கொஞ்சம் தாண்டும். அதற்கு மேல் நீர் ஏற்றிக்கொண்டு வந்தால் ஒன்று நேரத்தைக் கூட்ட வேண்டும், இல்லை ஒரு நாள் கூடுதலாக வர வேண்டும். புதுக் குழாய் வைத்த இதயத்தை மூன்றாவது மணி நேரத்தில் பிபி இறக்கி இறக்கிச் சோதிக்கக் கூடாது. உங்கள் அப்பாவுக்கு வலி வந்ததும் அந்த மூன்றாவது மணி நேரத்தில்தானே? நீர் எடுத்து பிபி இறங்கும்போது அடைப்புக்கு அந்தப் பக்கம் ரத்தம் போதாமல் போகிறது. அதை வாயு என்று விட்டது எங்களைப் போன்றவர்கள் தப்பும்தான். சலைன் விட்டு சரியானதும் அடுத்த மெஷினைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

நாற்காலியிலிருந்து எழும்போது கையை ஊன்றி எழக் கூடாது. நெஞ்சு எலும்பு கூடும்வரை, அதாவது குறைந்தது ஆறிலிருந்து எட்டு வாரம், கால் பலத்தில் எழ வேண்டும். இருமல் வந்தால் ஒரு சின்னத் தலையணையை நெஞ்சோடு கட்டிப்பிடித்து இரும வேண்டும். இதற்கெல்லாம் முன்னாலேயே வீட்டில் பழகிவிடுவது நல்லது.

சம்பந்தமில்லாத ஒன்று. சிரையையும் (இதயத்துக்கு ரத்தம் திரும்பும் குழாய்) தமனியையும் சேர்த்துத் தைக்கும் ஃபிஸ்டுலாவை பிரெஸியா, சிமினோ குழுவினர் எழுதியது 1966இல். காலிலிருந்து சிரையை எடுத்து இதயத்துக்குப் பைபாஸ் போடும் முறையை ஃபவலோரோ தொடங்கியது 1967இல். ஒரு வருடம் முன்னே பின்னே பிறந்த இரண்டு வைத்தியம். ஒரே உடம்பில் இரண்டும் வந்து சேரும்போது எப்படிச் சண்டை போடும் என்று அன்றைக்கு யார் நினைத்திருப்பார்கள்!


மயக்கமருந்துக்காரர்:

இதய அறுவைக்கு மயக்கம் கொடுப்பது என் வேலை. உங்கள் ஃபைலைப் பார்க்காமல்தான் எழுதுகிறேன், அதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபிஸ்டுலா பக்கம் ஏன் முக்கியம் என்பது முதலில். பைபாஸில் இதயத்தின் முன்பக்கக் குழாய்க்கு வழக்கமாக வைப்பது இடது மார்புத் தமனி. நாங்கள் சுருக்கமாக லிமா என்போம். மற்ற எந்தக் குழாயையும்விட வருடக்கணக்கில் நன்றாக ஓடுவது அதுதான். இந்த லிமா கிளம்புவது இடது காறை எலும்புக்குக் கீழே ஓடும் பெரிய தமனியிலிருந்து. அதே தமனிதான் இடது கைக்கும் போகிறது. அந்தக் கையில் ஒரு ஃபிஸ்டுலா இருந்தால், அதுவும் முழங்கைக்கு மேலே இருந்தால், நிமிடத்துக்கு ஒரு லிட்டர், சிலருக்கு அதற்கும் மேலே ரத்தம் அந்த வழியே கொட்டும். தண்ணீர் சுலபமான வாய்க்காலில்தானே போகும்? இதயத்துக்குப் போக வேண்டியது குறைந்து கைப்பக்கம் இழுபடும். தோள் தமனியிலேயே சுண்ணாம்பு படிந்து சுருக்கமும் இருந்தால் இன்னும் மோசம். பைபாஸ் அருமையாக முடிந்திருக்கும், ஆனால் டயாலிசிஸில் உட்கார்ந்தால் மறுபடி நெஞ்சு வலிக்கும். எல்லோருக்கும் இப்படி ஆகாது. ஆனால் முன்கூட்டியே பார்த்துவிடலாம்: இரண்டு கையிலும் பிபி வித்தியாசம், ஃபிஸ்டுலாவில் ஓடும் அளவுக்கு டாப்ளர் ஸ்கேன், தோள் தமனிக்கு ஒரு படம். இரண்டு கை பிபி என்றேன், ஃபிஸ்டுலா கையில் பட்டை போடக் கூடாதே என்பீர்கள். சரிதான், அதனால்தான் டாப்ளரும் படமும். மாற்று வழிகளும் உண்டு. வலது மார்புத் தமனி, காலின் சிரை என்று அறுவை மருத்துவர் யோசிப்பார். கை மணிக்கட்டுத் தமனியை மட்டும் எடுக்க விடாதீர்கள். நாளைக்கு இன்னொரு ஃபிஸ்டுலா தேவைப்பட்டால் அது வேண்டும்.

அடுத்தது சுண்ணாம்பு. பாஸ்பரஸ் வருடக்கணக்கில் ஏறிக்கிடந்தால் பெருந்தமனியின் சுவரே பீங்கான்போல் ஆகிவிடும். அதன்மேல் கிளாம்ப் (இடுக்கி) போட்டால் துகள் பெயர்ந்து மூளைக்குப் போகும். டயாலிசிஸ் ஆட்களுக்குப் பக்கவாதம் கூடுதலாக வருவதற்கு இது பெரிய காரணம். ஆபரேஷனுக்கு முன் நெஞ்சுக்கு ஒரு சாதாரண சிடி எடுத்தால் தெரிந்துவிடும். தெரிந்தால் பெருந்தமனியைத் தொடாமல், இதயம் துடித்துக்கொண்டிருக்கும்போதே தைக்கும் முறையை யோசிக்கலாம். எல்லா இதயமும் அதற்குத் தாங்காது, 42 சதவீதம் என்பதால் அறுவை மருத்துவர்தான் பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

பம்பு வைத்துச் செய்தால் இதயத்தை நிறுத்துவதற்குக் கொடுக்கும் திரவத்தில் பொட்டாசியம்தான் பிரதானம். சிறுநீரகம் உள்ளவர் அதைக் கழித்துவிடுவார். உங்கள் அப்பாவால் முடியாது. அதனால் பம்பு ஓடும்போதே வடிகட்டி ஒன்றைச் சேர்த்து நீரையும் பொட்டாசியத்தையும் எடுப்போம். பிறகு ரத்தம் ஏற்றினால் அதிலும் பொட்டாசியம் உண்டு. ஐசியுவில் ஒன்றிரண்டு மணிக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே இருப்போம்.

ரத்தக் கசிவு: ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் எண்ணிக்கையில் சரியாக இருக்கும், வேலை செய்யாது. யூரியா தேங்கிய உடம்பில் அவை சோம்பேறிகள். ஆபரேஷனுக்கு முந்தைய நாள் டயாலிசிஸ் அதற்கும்தான். பிறகு ஒரு வாரம் பத்து நாள் கழித்துக்கூட இதயத்தைச் சுற்றி ரத்தமோ நீரோ தேங்கலாம். டயாலிசிஸில் காரணமில்லாமல் பிபி இறங்கிக்கொண்டே இருந்தால், எடை தப்பு என்று மட்டும் நினைத்துவிடாமல் ஒரு எக்கோ கேளுங்கள்.

ஆபத்து எவ்வளவு? பைபாஸ் செய்துகொள்ளும் மற்றவர்களில் 100க்கு 2, 3 பேர் மருத்துவமனையிலேயே இறக்கிறார்கள் என்றால், டயாலிசிஸ் ஆட்களில் அது ஏறக்குறைய மூன்று நான்கு மடங்கு. மறைப்பதில் அர்த்தமில்லை. ஆனால் செய்யாமல் விடுவதற்கும் ஒரு எண் உண்டு, அதை யாரும் படிவத்தில் போடுவதில்லை.

ஸ்டென்ட் போதாதா என்றீர்கள். முதல் சில வாரத்தைத் தாண்டுவது ஸ்டென்ட்டில் சுலபம். ஆனால் சுண்ணாம்பு ஏறிய குழாயில் ஸ்டென்ட் முழுதாக விரியாது, மறுபடி அடைக்கும், மறுபடி போக வேண்டிவரும். டயாலிசிஸ் ஆட்களிடம் இரண்டையும் குலுக்கல் முறையில் நேருக்கு நேர் ஒப்பிட்ட பெரிய ஆய்வு கையில் இல்லை. இன்னொன்றை இணையத்தில் பார்த்துவிட்டு யாராவது உங்களுக்கு அனுப்புவார்கள்: 2020இல் வந்த இஸ்கீமியா-சிகேடி ஆய்வு. சிறுநீரகம் மோசமான 777 பேர், பாதிக்கு மேல் டயாலிசிஸில் இருந்தவர்கள். மருந்தோடு நிறுத்தியவர்களுக்கும், ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட்டோ பைபாஸோ செய்தவர்களுக்கும் மரணத்திலும் மாரடைப்பிலும் வித்தியாசம் வரவில்லை. உண்மைதான். ஆனால் இடது பிரதான குழாயில் அடைப்பு இருப்பது தெரிந்தவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. புதிதாக நெஞ்சுவலி முற்றி வந்தவர்களையும் சேர்க்கவில்லை. உங்கள் அப்பாவுக்கு இரண்டும் இருக்கிறது. அவருக்கு அது பொருந்தாது.


நிழல்மரம்:

எழுதலாமா வேண்டாமா என்று ரெண்டு நாள் யோசித்தேன். உள்ளதைச் சொல்லச் சொன்னீர்கள்.

என் அம்மா பைபாஸ் முடிந்து பத்தொன்பதாம் நாள் போய்விட்டார். இதயம் கடைசிவரை நன்றாகத்தான் இருந்தது. நெஞ்சுத் தையலில் கீழ்முனையில் ஒரு சொட்டு நீர் மாதிரி கசிந்தது. கட்டு மாற்றும்போது நானே பார்த்தேன், வியர்வை என்று துடைத்துவிட்டேன். காய்ச்சல் இல்லை. டயாலிசிஸ் ஆட்களுக்குக் காய்ச்சல் வராமலேயே கிருமி பரவும் என்று பிறகுதான் தெரியும். நாலு நாளில் எலும்பு வரை போயிருந்தது. இருமினால் நெஞ்சில் 'டக்' என்று ஒரு சத்தம், எலும்பு ஒன்றோடொன்று தட்டுவது. அந்தச் சத்தம் கேட்டால் அந்த நிமிடமே கூட்டிக்கொண்டு ஓடுங்கள்.

அம்மாவுக்கும் சர்க்கரை. மூன்று மாத சராசரி 6.4 என்று எல்லோரும் திருப்தியாக இருந்தோம். டயாலிசிஸில் ரத்த சிவப்பணு சீக்கிரம் அழிவதால் அந்த எண் பொய்யாகக் குறைத்துக் காட்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. விரலில் குத்திப் பார்த்திருக்க வேண்டும்.

உங்கள் அப்பா நன்றாக வருவார். கசிவை மட்டும் துடைத்துவிடாதீர்கள்.


மூத்தமகள்:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நிழல்மரம் அக்கா, நீங்கள் எழுதியதற்குத் தனியாக.

நேற்று அறுவை மருத்துவரிடம் போனேன். "ஃபிஸ்டுலா இடது கையில், முழங்கைக்கு மேலே" என்று சொன்னதும் பேனாவை வைத்துவிட்டு அப்பாவின் சட்டைக் கையைச் சுருட்டிப் பார்த்தார். ஃபைலில் 'ஃபிஸ்டுலா உண்டு' என்று மட்டும்தான் இருந்தது, எந்தக் கை என்று இல்லை. அங்கேயே டாப்ளருக்கு அனுப்பினார். நிமிடத்துக்கு 1.6 லிட்டர் ஓடுகிறது. சிடியில் பெருந்தமனியின் ஏறும் பகுதி பரவாயில்லை, வளைவில் சுண்ணாம்பு. லிமா வேண்டாம், வலது பக்கத் தமனியை முன்குழாய்க்குக் கொண்டுவர முடியுமா என்று பார்க்கிறேன், மற்றவற்றுக்குக் கால் சிரை என்றார். என் எதிரிலேயே சிறுநீரக மருத்துவருக்கு போன் போட்டார். அவர்கள் இருவரும் பேசிய ஆறு நிமிடமும் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அழக் கூடாதென்று.

புதன்கிழமை டயாலிசிஸ், வியாழக்கிழமை ஆபரேஷன். அப்பாவிடம் ஜன்னலோரம் ஐயா எழுதியதை வாசித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு "பெல்ட் கதை நல்லா இருக்கு" என்றார். இன்று காலையிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து பழகுகிறார். மூன்று தடவைக்கு ஒரு தடவை திரும்ப உட்கார்ந்துவிடுகிறார்.

ஒரே ஒரு சந்தேகம். இருமும்போது பிடிக்கும் தலையணை மருத்துவமனையிலேயே தருவார்களா, நாங்கள் கொண்டுபோக வேண்டுமா?


ஜன்னலோரம்:

கொண்டுபோங்கள். சின்னதாக, கெட்டியாக இருக்கட்டும், பஞ்சு அமுங்கிப் போனது வேண்டாம். உறை மூன்று. தினம் ஒன்று மாற்றுங்கள், நெஞ்சில் படுவது அதுதான்.

ஒரு நோட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். புதன்கிழமை டயாலிசிஸ் முடிந்த எடை முதல் வரி.